"இருந்தார்" என்பதா, "இருந்தாராம்" என்பதா? வீட்டுக்கல்வியில் வேதக் கதைகளும் பழங்காப்பியக் கதைகளும்

பதிவு 1: புலாவ் தீக்குஸ் தாய்

அனைவருக்கும் வணக்கம். பினாங்கில் எங்கள் இரண்டு பிள்ளைகளுக்கும் இவ்வாண்டு முதல் வீட்டிலேயே பாடம் சொல்லிக் கொடுத்து வருகிறோம். மூத்தவனுக்கு எட்டு வயது, இளையவளுக்கு ஐந்து. ஆங்கிலத்தில் வெளிவரும் கிறிஸ்தவப் பாடத்திட்டம் ஒன்றைப் பின்பற்றுகிறோம். அதில் ஒரே வாரத்தில் காலையில் வேதாகமக் கதையும் மாலையில் கிரேக்கக் கதையும் வருகின்றன. பிள்ளைகள் தமிழை வீட்டில்தான் கேட்கிறார்கள் என்பதால், இரண்டையும் நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுத் தமிழில் வாய்மொழியாகச் சொல்கிறேன்.

சென்ற வாரம் யோனாவின் கதையைச் சொன்னேன். நினிவேக்குப் போகச் சொன்ன கர்த்தருக்கு மறைந்து, யோப்பாவில் கப்பலேறித் தர்ஷீசுக்குப் புறப்பட்ட மனிதரின் கதை. அதே நாள் மாலையில், ஒற்றைக்கண் அரக்கனின் குகையில் அகப்பட்ட ஒடிசியஸ், "என் பெயர் யாருமில்லை" என்று சொல்லித் தப்பிய கதையைச் சொன்னேன். கேட்டு முடித்த மகன், "அம்மா, யோனாவும் ஒடிசியஸும் ஒரே கடலிலா போனார்கள்?" என்று கேட்டான். உலகப்படத்தை விரித்துப் பார்த்தோம். இரண்டும் மத்தியதரைக் கடல்தான். "ஆமாம்" என்று சொன்னேன். அவன் சற்று யோசித்து, "அப்படியானால் அந்த அரக்கனும் உண்மைதானே?" என்றான்.

நான் "இல்லை" என்று சொல்லியிருந்தால், "அப்படியானால் யோனாவை விழுங்கிய மீன்?" என்பதே அடுத்த கேள்வியாக இருந்திருக்கும் என்று எனக்குத் தோன்றியது, அதனால் வாய் அடைத்துப் போனேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் மாமியார், கிரேக்கக் கதைகளை இன்றோடு நிறுத்திவிடு என்று சொல்லிவிட்டார். அவர் சொல்வதில் நியாயம் இருப்பதாகவே நினைக்கிறேன். ஆனாலும் நிறுத்த மனம் வரவில்லை. உங்கள் வீடுகளில் இதை எப்படிக் கையாள்கிறீர்கள்?

பதிவு 2: பிரிக்பீல்ட்ஸ் தந்தை

சகோதரி, உங்கள் மாமியார் சொன்னதையே நானும் சொல்வேன். பல ஆண்டுகளாக ஞாயிறு பள்ளியில் வகுப்பெடுத்த அனுபவத்தில் எழுதுகிறேன். பத்து வயது வரை வேதாகமக் கதைகளை மட்டும் சொல்லுங்கள். ஆதாம் முதல் அப்போஸ்தலர் வரை அந்த வரிசை பிள்ளையின் மனத்தில் ஒரே நீண்ட சரித்திரமாகப் பதிந்த பிறகு, மற்றக் கதைகளைப் பக்கத்தில் வைக்கலாம். அடித்தளம் காய்வதற்கு முன் சுவர் எழுப்ப வேண்டாம் என்பதுதான் என் கருத்து.

கிரேக்கக் கதைகளின் உள்ளடக்கத்தையும் நினைத்துப் பாருங்கள். அங்கே தேவர்கள் என்று சொல்லப்படுகிறவர்கள் பொய் சொல்கிறார்கள், மனைவியை ஏமாற்றுகிறார்கள், கோபம் வந்தால் ஊரை அழிக்கிறார்கள். "ஒரே தேவன், அவர் பரிசுத்தர்" என்று காலையில் கற்ற பிள்ளைக்கு மாலையில் கிரேக்கர்களின் தலைமைத் தேவனான சீயுசின் செயல்களைச் சொன்னால், தேவன் என்ற சொல்லே தேய்ந்து போகாதா? என் மூத்த மகளிடம் அந்தத் தவற்றைச் செய்தேன். அவள் ஆறு மாதம் ஜெபத்தில் "கடவுள்களே" என்று பன்மையில் விளித்தாள். விளையாட்டாகச் சொல்லவில்லை, அவள் அதை மனதார நம்பித்தான் சொன்னாள்.

பதிவு 3: நூலகப் பிரியை

கதைகளைப் பற்றிப் பேசுவதற்கு முன் ஒரு குறிப்பு, ஏனெனில் இந்த இழையைப் புதிய பெற்றோர்களும் படிப்பார்கள். 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தின் 29ஏ பிரிவின்படி, 2003 முதல் நம் நாட்டில் தொடக்கக் கல்வி கட்டாயம். பிள்ளையைப் பள்ளியில் பதியாத பெற்றோருக்கு 5,000 வெள்ளி வரை அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ விதிக்கச் சட்டம் இடமளிக்கிறது. வீட்டில் கற்பிக்க விரும்புவோர் கல்வி அமைச்சிடம் விலக்குப் பெற வேண்டும். பதிவிட்ட சகோதரி அதைப் பெற்றிருப்பார் என்றே நம்புகிறேன்.

பதிவு 4: புலாவ் தீக்குஸ் தாய்

பெற்றிருக்கிறோம், நன்றி. காத்திருந்த காலம் நீண்டது, ஆனால் கடிதம் கையில் இருக்கிறது.

பதிவு 5: பட்டர்வொர்த் தமிழாசிரியர் (ஓய்வு)

வணக்கம் அம்மா. தமிழ்ப்பள்ளியில் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். உங்கள் மகனின் கேள்வியைப் படித்தபோது, அதற்கான பாதிப் பதில் நம் மொழியிலேயே இருப்பதாகத் தோன்றியது.

"ஓர் ஊரில் ஒரு ராஜா இருந்தான்" என்று நாம் சொல்வதில்லை, "இருந்தானாம்" என்கிறோம். அந்த "ஆம்" என்ற இடைச்சொல், இதை நான் கண்டதில்லை, பிறர் சொல்லக் கேட்டேன் என்பதைச் சொல்லிவிடுகிறது. ஆங்கிலத்தில் இதைச் சொல்லத் தனியாகச் சில சொற்கள் வேண்டும். நமக்கு வினைமுற்றின் கடைசியில் ஒட்டிய ஓர் அசை போதும், கதை கேட்டு வளரும் பிள்ளை அதன் வேறுபாட்டை உணர்ந்துகொள்ளும். நீங்கள் யோனாவின் கதையையும் ஒடிசியசின் கதையையும் சொன்னபோது எந்த முற்றைப் பயன்படுத்தினீர்கள் என்று நினைவுபடுத்திப் பாருங்கள். ஆங்கிலப் புத்தகத்தை மனத்தில் வைத்துக்கொண்டு தமிழில் சொல்கிறவர்கள், எனக்குத் தெரிந்தவரை, இரண்டையும் "போனார், வந்தார், சொன்னார்" என்றே சொல்லிவிடுகிறார்கள். அப்படிச் சொன்னால் இரண்டு கதைகளுக்கும் ஒரே சாட்சிப் பலம் வந்துவிடுகிறது. பிள்ளை கேட்டது சரியான கேள்விதான்.

ஆகவே ஒவ்வொரு கதையையும், அது யார் வாயிலிருந்து வந்தது என்பதைச் சொல்லித் தொடங்குங்கள். "வேதத்தில் எழுதியிருக்கிறது: யோனா எழுந்து போனார்." "ஹோமர் என்ற புலவர் பாடினார்: ஒடிசியஸ் என்று ஓர் அரசன் இருந்தானாம்." தமிழின் மிகப் பழைய இலக்கண நூலே இந்த நாணயத்துடன்தான் தொடங்குகிறது. தொல்காப்பியத்தின் முதல் நூற்பா எழுத்துகள் முப்பது என்று சொல்லும்போதே "என்ப" என்று சேர்த்துக்கொள்கிறது. முன்னோர் அப்படிச் சொல்வர் என்பது அதன் பொருள். தன் நூலின் முதல் நூற்பாவிலேயே, இது எனக்கு முன்னிருந்தவர்கள் சொன்னது என்று ஒப்புக்கொள்ளும் ஆசிரியரின் மரபில் வந்தவர்கள் நாம்.

இன்னொன்றும் கேட்க விரும்புகிறேன். உங்கள் பாடத்திட்டத்தில் கிரேக்கம் இருக்கிறது, வேதாகமம் இருக்கிறது. பாரி எங்கே? பிள்ளைகளுக்குச் செவ்வியல் கதை சொல்வது என்று முடிவு செய்த தமிழ் வீட்டில், ஏதென்சுக்குப் போகும் வழியில் பறம்பு மலையைத் தாண்டித்தானே போக வேண்டும்? படர்வதற்குக் கொம்பின்றித் தவித்த முல்லைக்குத் தேரைக் கொடுத்தவன் பாரி. குளிரில் நடுங்கியதாக நினைத்து மயிலுக்குப் போர்வையைக் கொடுத்தவன் பேகன். அந்தப் போர்வைக் கதையைச் சொன்ன மறுநாளே புனித மார்ட்டினின் கதையைச் சொல்லிப் பாருங்கள். 4ஆம் நூற்றாண்டில் உரோமைப் படைவீரராக இருந்த மார்ட்டின், ஆமியேன் நகர வாயிலில் ஆடையின்றி நின்ற பிச்சைக்காரனைக் கண்டு, தம் மேலங்கியை வாளால் இரண்டாக வெட்டிப் பாதியைக் கொடுத்தார். அன்றிரவு கனவில் அந்தப் பாதி அங்கியைக் கிறிஸ்து அணிந்திருக்கக் கண்டார். மார்ட்டினை நேரில் அறிந்த சுல்பீசியஸ் செவேருஸ் இதை எழுதி வைத்திருக்கிறார். என் பேரனுக்கு இந்த இரண்டையும் சொன்னபோது, "பேகன் முழுவதையும் கொடுத்தான், மார்ட்டின் ஏன் பாதி கொடுத்தார்?" என்று கேட்டான். நான் பதில் சொல்லவில்லை. இரண்டு நாள் கழித்து அவனே வந்து, "மயிலுக்குப் போர்வை வேண்டாம் தாத்தா, அதற்கு இறகு இருக்கிறது; பிச்சைக்காரருக்கு வேண்டும், மார்ட்டினுக்கும் வேண்டும்" என்று சொன்னான். அவன் சொன்னது சரியா என்பதைவிட, இரண்டு நாள் அவன் அதையே எண்ணிக்கொண்டிருந்தான் என்பதுதான் எனக்கு முக்கியமாகப் பட்டது.

பதிவு 6: மறைக்கல்வி ஆசிரியை, புக்கிட் மெர்தாஜாம்

ஐயாவின் பதிவு எனக்கு மிகவும் பயன்பட்டது. ஆனால் நடைமுறையில் இரண்டு வகை மட்டும் போதாது என்பதை எங்கள் பங்குக் கோவிலின் அனுபவத்திலிருந்து சொல்கிறேன்.

ஜூலை 26 புனித அன்னம்மாள் திருவிழாவுக்கு எங்கள் ஊருக்கு வரும் கூட்டத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அன்னம்மாளும் சுவக்கீனும் நெடுங்காலம் பிள்ளையின்றி இருந்து இயேசுவின் தாய் மரியாவைப் பெற்ற கதையை நாங்கள் ஆண்டுதோறும் பிள்ளைகளுக்குச் சொல்கிறோம். ஆனால் அவர்களுடைய பெயர்கள் திருவிவிலியத்தில் இல்லை. 2ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த, விவிலியத்தில் சேர்க்கப்படாத ஒரு நூலின் வழியாகவே அந்தக் கதை நமக்கு வந்திருக்கிறது. இதை எந்த முற்றில் சொல்வது? "வேதத்தில் எழுதியிருக்கிறது" என்றால் பொய்யாகும். ஒற்றைக்கண் அரக்கனோடு சேர்க்கவும் முடியாது. "திருச்சபையில் பெரியவர்கள் வழிவழியாகச் சொல்லி வந்தார்கள்" என்று தொடங்குவதே நான் கண்ட வழி. பேருந்தில் வந்திறங்கும் பாட்டிமார்களைக் காட்டி, இவர்களுடைய பாட்டிக்குப் பாட்டி சொன்னது என்பேன். பிள்ளைகளுக்கு அது உடனே புரிந்துவிடுகிறது.

அதைவிடக் கடினமானது உவமை. நல்ல சமாரியன் உண்மையிலேயே இருந்தாரா என்று ஒரு சிறுமி கேட்டாள். "அது இயேசு சொன்ன கதை" என்றேன். அவள் முகம் வாடிவிட்டது, "இயேசு இல்லாததைச் சொன்னாரா?" என்றாள். அன்று நான் சரியாகப் பதில் சொல்லவில்லை. இப்போது ஐயாவின் பதிவைப் படித்த பிறகு, "இயேசு சொன்னார்: எருசலேமிலிருந்து எரிகோவுக்கு ஒரு மனிதன் போனானாம்" என்று சொல்லியிருக்கலாமோ என்று நினைக்கிறேன். "சொன்னார்" என்பதில் "ஆம்" இல்லை, "போனானாம்" என்பதில் உண்டு. சொன்னவர் உண்மையானவர், சொன்னது கதை, கதைக்குள் இருப்பதும் உண்மை. இத்தனையையும் ஐந்து வயதுப் பிள்ளைக்கு விளக்கத் தேவையில்லாமல் அந்த வாக்கியமே ஏந்திக்கொள்கிறது.

பதிவு 7: பிரிக்பீல்ட்ஸ் தந்தை

உவமையைப் பற்றிச் சகோதரி எழுதியதை ஏற்றுக்கொள்கிறேன். இந்த ஞாயிறே அப்படிச் சொல்லிப் பார்க்கப் போகிறேன். ஆனாலும் ஐயாவிடம் எனக்கு ஒரு மறுப்பு இருக்கிறது. தோட்டத்தில் பால்மரம் வெட்டிக் களைத்து வந்த என் தாயார், இரவில் எங்களுக்கு வேதக் கதைகளையும் "தாவீது என்று ஒரு பையன் இருந்தானாம்" என்றுதான் சொன்னார். அவருக்கு விசுவாசக் குறைவு ஒன்றும் இல்லை. ஆகவே இந்த அசையின் மேல் இவ்வளவு பாரத்தை ஏற்ற முடியுமா? மேலும் நான் முதலில் கேட்டதற்கு விடை வரவில்லை. "ஆம்" சேர்த்துச் சொன்னாலும், பிற தேவர்களின் கதை பிள்ளையின் மனத்துக்குள் போகத்தானே செய்கிறது?

பதிவு 8: பட்டர்வொர்த் தமிழாசிரியர் (ஓய்வு)

உங்கள் தாயார் சொன்னதில் தவறே இல்லை ஐயா. தான் கண்டதில்லை, கேட்டதுதான் என்று அவர் நேர்மையாகச் சொன்னார். "ஆம்" என்பது அவநம்பிக்கையின் குறி அல்ல. ஒரே வீட்டில் இரண்டு வகைக் கதைகளும் ஒரே வாரத்தில் புழங்கும்போதுதான் வேறுபாடு தேவைப்படுகிறது. உங்கள் தாயாருக்கு அந்தத் தேவை இருக்கவில்லை. இலக்கண விதியாக நான் இதை முன்வைக்கவில்லை, வீட்டு வழக்கமாகவே முன்வைக்கிறேன்.

உங்கள் இரண்டாவது கேள்வி பெரியது. பவுல் ஏதென்சில் நின்று பேசியதை ஞாயிறு பள்ளியில் நீங்களே பலமுறை சொல்லியிருப்பீர்கள். "உங்கள் புலவர்களிலும் சிலர், நாம் அவருடைய சந்ததியார் என்று சொல்லியிருக்கிறார்கள்" என்று அப்போஸ்தலர் 17ஆம் அதிகாரத்தில் வருகிறது. அந்தச் சொற்கள் அராத்துஸ் என்ற கிரேக்கப் புலவரின் பாடலில் இருப்பவை. அப்பாடலில் அவை சீயுசைக் குறித்துப் பாடப்பட்டவை. பவுல் அதை மறைக்கவில்லை, "உங்கள் புலவர்" என்று யார் வாயிலிருந்து வந்தது என்பதைச் சொல்லிவிட்டு, அதன் பிறகே தம் பொருளுக்குத் திருப்பினார். 4ஆம் நூற்றாண்டில் செசரியாவின் ஆயரான பசிலியார், கிரேக்க இலக்கியத்தை எப்படிப் படிப்பது என்று இளைஞர்களுக்கு உரையாற்றியபோது தேனீயை உவமை காட்டினார். தேனீ எல்லாப் பூவிலும் அமர்வதில்லை, அமர்ந்த பூவிலிருந்தும் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போவதில்லை. ஆகவே சீயுசின் லீலைகளைச் சொல்ல வேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை. கிரேக்கத்தில் வேறு எத்தனையோ இருக்கின்றன. இருபது ஆண்டு கழித்துப் பிச்சைக்காரன் வேடத்தில் வீடு திரும்பிய ஒடிசியசை மனிதர்கள் யாரும் அடையாளம் காணாதபோது, குப்பைமேட்டில் கிடந்த கிழட்டு நாய் ஆர்கோஸ் வாலை அசைத்துக் காதைத் தாழ்த்தி, அவனைக் கண்டவுடன் உயிர்விட்டது. அவனால் அதன் அருகில் போகவும் முடியவில்லை. மறைவாகக் கண்ணைத் துடைத்துக்கொண்டான். இந்த இடத்தைக் கேட்ட பிள்ளையின் மனத்தில் எந்தப் பொய்த் தெய்வமும் குடியேறாது.

நமக்கு இன்னொரு பேறும் உண்டு. வேதக் கதையும் தமிழ்க் காப்பிய மரபும் ஏற்கெனவே ஓரிடத்தில் கூடியிருக்கின்றன. இத்தாலியிலிருந்து வந்த வீரமாமுனிவர் புனித சூசையப்பரை வளன் என்று தமிழ்ப்படுத்தி, மூன்று காண்டங்களில் 3,615 பாடல்களாகத் தேம்பாவணியைப் பாடினார். அதே மனிதர்தான் குதிரை முட்டை என்று பூசணிக்காயை வாங்கிய பரமார்த்த குருவின் கதையையும் எழுதினார். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்று பிள்ளைகளுக்குச் சொல்ல, ஒரே ஆசிரியரின் இரண்டு கைகளும் நமக்குக் கிடைத்திருக்கின்றன.

பதிவு 9: செந்தூல் தாய்

ஆறாண்டுகளாக வீட்டுக்கல்வி நடத்துகிறேன். இவ்வளவு நேரம் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். ஐயா தேம்பாவணியைக் குறிப்பிட்டதால் எழுதுகிறேன்.

தொடக்கத்தில் ஒவ்வொரு கதையின் முடிவிலும், "இதிலிருந்து நாம் கற்பது என்ன?" என்று கேட்டுக்கொண்டிருந்தேன். பிள்ளைகள் கதை முடிவதற்கு முன்பே, "பொய் சொல்லக் கூடாது", "பகிர்ந்து உண்ண வேண்டும்" என்று எனக்கு வேண்டிய விடையைத் தயாராக வைத்திருந்தார்கள். கதையைக் கேட்கவே இல்லை. பிறகு சார்லட் மேசன் என்ற ஆங்கிலக் கல்வியாளரின் முறையைப் பின்பற்றி, கேள்வி கேட்பதை விட்டுவிட்டு, கேட்ட கதையைத் திரும்பச் சொல்ல மட்டும் வைத்தேன். ஆறு வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளிடம் அதையும் கட்டாயமாகக் கேட்கக் கூடாது என்பது அவருடைய கருத்து. பிள்ளை எதை விட்டுவிடுகிறது, எதை நீட்டிச் சொல்கிறது என்பதைக் கவனித்தால், அதன் மனத்தில் எது தைத்தது என்பது தெரிந்துவிடும்.

இரண்டாண்டுகளுக்கு முன் என் தாயார் இறந்தார். என் மகளுக்கு அப்போது ஒன்பது வயது. அவள் அழவும் இல்லை, பேசவும் இல்லை. ஆறுதலாக எந்த வசனத்தைச் சொன்னாலும் தலையசைத்தாள், அவ்வளவுதான். ஒருநாள் இரவு, தேம்பாவணியில் வரும் கருணையனின் கதையைச் சொன்னேன். திருமுழுக்கு யோவானை வீரமாமுனிவர் கருணையன் என்று அழைக்கிறார். காட்டில் தன் தாய் எலிசபெத்தை இழந்த கருணையன், மலர்ப்படுக்கை விரித்து அவரை அடக்கம் செய்துவிட்டு அழுகிறான். அப்போது மரங்களும் சுனைகளும் அவனோடு சேர்ந்து ஒலித்து அழுவது போல இருந்தன என்று புலவர் பாடுகிறார். எலிசபெத்தின் மரணம் வேதத்தில் இல்லை. அதை மகளிடம் முதலிலேயே சொல்லிவிட்டுத்தான் கதையைத் தொடங்கினேன். அவள் "காடு முழுவதும் அழுததா?" என்று மட்டும் கேட்டாள். "அழுததாம்" என்றேன். அதன் பிறகு நெடுநேரம் அழுதாள். உண்மையா என்று அவள் கேட்கவே இல்லை.

ஆகவே பத்து வயது வரை காத்திருங்கள் என்ற பிரிக்பீல்ட்ஸ் ஐயாவிடம் பணிவுடன் சொல்கிறேன்: எல்லாப் பிள்ளைகளுக்கும் காத்திருக்க அவகாசம் கிடைப்பதில்லை. அதே வேளையில், வேதக் கதையாக இருந்தாலும் எல்லாவற்றையும் எல்லா வயதிலும் சொல்லிவிட முடியாது. ஆபிரகாம் ஈசாக்கைப் பலியிடப் போன கதையை நான் நான்கு வயதுப் பையனிடம் சொன்னேன். அவன் மூன்று இரவு தந்தையின் அருகில் படுக்க மறுத்தான். கன்றுக்காகத் தன் மகனையே தேர்க்காலில் இட்ட மனுநீதிச் சோழனுக்கும் இது பொருந்தும். எந்த மரபிலிருந்து வந்தாலும், தந்தையே மகனைக் கொல்லத் துணியும் கதையைச் சிறு பிள்ளையின் தூக்கத்துக்கு முன் சொல்லாதீர்கள்.

பதிவு 10: பிரிக்பீல்ட்ஸ் தந்தை

பத்து வயது என்று நான் போட்ட கோட்டை இனி அவ்வளவு உறுதியாகச் சொல்ல மாட்டேன். வேதாகமம் முதலில், மிகுதியாக, ஒவ்வொரு நாளும் என்பதை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஆர்கோசின் கதையை நேற்றிரவு என் இளைய மகனுக்குச் சொன்னேன். "கெட்டகுமாரனின் வீட்டிலும் நாய் இருந்ததா அப்பா?" என்று கேட்டான். இயேசு சொன்ன அந்த உவமையில், வீடு திரும்பும் மகன் தூரத்தில் வரும்போதே தகப்பன் கண்டு அவனிடம் ஓடினார் என்பதை அவன் அப்போதுதான் முதன்முறையாகக் கவனித்துக் கேட்டான் என்று நினைக்கிறேன்.

பதிவு 11: புலாவ் தீக்குஸ் தாய்

மூன்று வாரங்களாக ஐயா சொன்னபடியே செய்து வருகிறேன். முதலில் மகனிடம், "நான் இரண்டையும் ஒரே மாதிரி சொன்னது என் தவறு" என்று ஒப்புக்கொண்டேன். யோனாவை "வேதத்தில் எழுதியிருக்கிறது" என்றும், ஒடிசியசை "புலவர் பாடினார்" என்றும் மறுபடி தொடக்கத்திலிருந்து சொன்னேன். கடல் ஒன்றுதான் என்பதில் அவனுக்கு இன்னும் மகிழ்ச்சி. உலகப்படத்தில் யோனாவின் வழியை நேர்கோடாகவும் ஒடிசியசின் வழியைப் புள்ளிக்கோடாகவும் வரைந்திருக்கிறான். பவுலின் கப்பல் உடைந்த மெலித்தா தீவு வரை நேர்கோடுதான்.

பாரியின் கதையைச் சொன்னபோது, என் மாமியார் சமையலறையிலிருந்து வந்து உட்கார்ந்தார். முடிந்ததும் தாமாகவே, கெடாவில் தோட்டத்தில் வளர்ந்தபோது தம் அப்பாயி சொன்ன கதை ஒன்று இருக்கிறது என்றார். "நல்லதங்காள் என்று ஒருத்தி இருந்தாளாம்" என்று தொடங்கினார். அவர் இத்தனை ஆண்டுகளில் பிள்ளைகளுக்குச் சொன்ன முதல் கதை இது. ஏழு பிள்ளைகளோடு அவள் பசியால் அண்ணன் வீட்டுக்கு நடக்கும் இடம் வரை சொல்லிவிட்டு, என்னைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். மீதியை நாளை சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்.

கதையின் முடிவில் நல்லதங்காள் பிள்ளைகளைத் தள்ளிவிட்டுத் தானும் குதிக்கும் அந்தக் கிணற்றை நினைத்துத்தான் எழுதுகிறேன். செந்தூல் சகோதரி சொன்னதைப் படித்த பிறகு, ஐந்து வயது மகளுக்கு அதைச் சொல்ல எனக்கு மனம் ஒப்பவில்லை. மாமியாரின் கதையைப் பாதியில் நிறுத்தவும் மனம் ஒப்பவில்லை. நாளை மாலைக்குள் யாராவது வழி சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

பதிவு 12: பட்டர்வொர்த் தமிழாசிரியர் (ஓய்வு)

அம்மா, நாளை மாலை மகளைத் தந்தையோடு கடற்கரைக்கு அனுப்பிவிடுங்கள். மகனும் நீங்களும் உட்கார்ந்து உங்கள் மாமியாரிடம் முழுவதையும் கேளுங்கள். எட்டு வயதுக்கு, தாயின் மடியருகில், அது தாங்கும். மகளுக்கு, அண்ணன் வீட்டு வாசல் வரை வந்த கதையே இந்த ஆண்டுக்குப் போதும். அந்த இடத்தோடு நிறுத்தச் சொல்லி உங்கள் மாமியாரிடம் நீங்களே கேளுங்கள். அவர் ஏற்கெனவே அங்கே தாமாகத்தானே நிறுத்தினார்.